பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடினேன்

ஒரு நாள் காலை, அடுப்பில் பருப்பு வெந்து கொண்டிருந்த நேரம். பக்கத்து வீட்டுப் பெண் இடுப்பில் பிள்ளையும் கையில் ஒரு பிளாஸ்டிக் பையுமாக வந்து நின்றாள். பைக்குள் நாலு பள்ளிக்கூடத்து விண்ணப்பப் படிவங்கள். பிள்ளைக்கு இன்னும் மூன்று வயது நிரம்பவில்லை.

"அக்கா, இதுல எதுல போடலாம், நீங்களே சொல்லுங்க. அவரு ஒண்ணு சொல்றாரு, எங்க அத்தை ஒண்ணு சொல்றாங்க. ராத்திரி தூக்கமே வர்லக்கா" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. பிள்ளையையே பார்த்துக் கொண்டிருந்தேன். அது எங்கள் வீட்டுக் காலண்டரில் இருந்த மயிலைக் காட்டி, "அம்மா, மயிலு! மயிலு!" என்று அவள் மோவாயைப் பிடித்துத் திருப்பிக் கொண்டிருந்தது. அவளுக்கோ திரும்பிப் பார்க்கவே நேரமில்லை. பருப்பு பொங்கி வழிந்ததும்தான் எனக்குச் சுயநினைவு வந்தது. 2010-ஆம் வருஷம் பார்த்த ஒரு யானை என் ஞாபகத்துக்கு வந்திருந்தது.

அந்த யானைக் கதையைத்தான் அன்று அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். பெரிய விஷயம் தெரிந்தவள் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடி அலைந்ததில் பட்டுத் தெரிந்து கொண்டது எவ்வளவோ, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலும், பீங்கானும், ரயில் ஜங்ஷனும் சொன்னால் எல்லாருக்கும் தெரியும். என் கணவர் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சூளை பார்க்கிறார். மூத்தவள் பெண், சின்னவன் பையன். வீட்டில் மாமியாரும் உண்டு.

மூத்தவளுக்கு எல்.கே.ஜி. பார்க்கிறோம் என்றதும் என் மாமியார் சிரித்தார். "எங்க காலத்துல இத்தன கூத்து ஏது? வலது கையைத் தலைக்கு மேல கொண்டு போயி இடது காதத் தொடச் சொல்லுவாரு வாத்தியாரு. தொட்டுட்டா ஒண்ணாங் கிளாசு. தொடலன்னா, 'போயிட்டு அடுத்த வருஷம் வா'ம்பாரு. மத்தியானம் சோறும் போட்டாங்க, அதுக்காகவே போனோம்" என்றார். காமராஜர் 1956-ல் விரிவுபடுத்திய மதிய உணவில் படித்த தலைமுறை அவர். ஐந்தாவது வரை படித்திருக்கிறார். இன்றைக்கும் மளிகைக் கணக்கை வாயாலேயே கூட்டிச் சொல்லுவார்.

நான் அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. என் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் டை கட்டி, ஷூ போட்டு வேனில் போயின. என் பிள்ளை மட்டும் போகாமல் இருந்தால் நான் என்ன அம்மா என்று தோன்றியது. ஊரிலேயே பெயர் பெற்றது என்று நாலு பேர் சொன்ன பள்ளிக்கூடத்தில் படிவம் வாங்கினேன். விடியற்காலை ஐந்து மணிக்கே வரிசையில் போய் நின்றேன். அப்புறம் வீட்டில் பாடம் நடந்தது. "உன் பேர் என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டால் எப்படிச் சொல்ல வேண்டும், கலர் எத்தனை, பழம் எத்தனை என்று மூன்றரை வயதுப் பிள்ளையை ஒரு மாதம் உருப்போட வைத்தேன். சோறு ஊட்டும்போதும் பாடம், குளிப்பாட்டும்போதும் பாடம்.

ஏப்ரல் மாதக் கடைசியில் இன்டர்வியூ. உள்ளே மேஜைக்குப் பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பிள்ளையைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ கேட்டார். என் பெண் அவரைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் சுவரில் பெரிதாக ஒரு யானை வரைந்திருந்தது. அதைக் கையை நீட்டிக் காட்டி, "அம்மா, யானை! குட்டி யானையும் இருக்கு!" என்றாள். அந்த அம்மா ஒரு ஆப்பிள் படத்தைத் தூக்கிக் காட்டினார். இவள் மறுபடியும் யானையைத்தான் காட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

வெளியே வந்ததும், பஸ் நிறுத்தத்தில் வைத்து, என் பெண்ணை முதுகில் ஒன்று வைத்தேன். அழுதாள். எதற்கு அடி வாங்கினோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

இடம் இல்லை என்றவர்கள், 'கட்டட நிதி' என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். என் கைவளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. இடம் கிடைத்தது. தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன்.

இப்போது நினைத்தால் வேதனையும் சிரிப்பும் சேர்ந்து வருகின்றன. ஏனென்றால் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. நான் அந்த இன்டர்வியூ வாசலில் உட்கார்ந்திருந்தது அதே மாதம்! பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது, நன்கொடை வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். தேர்வு வைத்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 வரை. அதேபோல, தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்து, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழுவும் அமைத்தார்கள். 2010 மே மாதம் அந்தக் குழு முதன்முதலாகப் பள்ளி வாரியாகக் கட்டணத்தை அறிவித்தது. இதெல்லாம் பேப்பரில் வந்ததுதான். நான்தான் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று பேப்பர் பார்க்கவில்லை!

இரண்டு வருஷம் ஓடியது. முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சமாளித்தோம். மூன்றாம் வகுப்பில், கம்பெனிக்கு ஆர்டர் குறைந்து, அவருக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. இரண்டாவது தவணை கட்ட முடியவில்லை. பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். அவள் வீட்டில் வந்து சொல்லவில்லை. காலையில் எழுந்தால் வயிற்று வலி என்றாள். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு வாந்தி எடுத்தாள். எட்டு வயதுப் பெண், நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பை மறுபடி ஆரம்பித்தாள். பூச்சி மருந்து கொடுத்தேன், சுக்குக் கஷாயம் கொடுத்தேன், மந்திரித்துக்கூட பார்த்தேன். ஆஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வலிக்குதாம்மா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வலித்ததே இல்லை.

சகோதரிகளே, பள்ளி நாளில் மட்டும் வருகிற வயிற்று வலியையும் தலைவலியையும் அலட்சியம் செய்யாதீர்கள். பிள்ளை பொய் சொல்லவில்லை. மனதில் இருக்கிற பயம் வயிற்றில் வலியாக வருகிறது என்று அந்த டாக்டரம்மாதான் எனக்குப் புரிய வைத்தார். வேறு நோய் இல்லை என்று டாக்டரிடம் நிச்சயப்படுத்திக் கொண்டு, அடுத்ததாகப் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்ப்பதுதான் மருந்து.

வருஷக் கடைசியில் அவளை அங்கிருந்து எடுத்துவிட முடிவு செய்தோம். பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் பகுதி அரசுப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையிடம் போய் நின்றேன். அவர், "பிள்ளையை முதல்ல கூட்டிக்கிட்டு வாங்கம்மா. டி.சி. அது பாட்டுக்கு வரட்டும்" என்றார். டி.சி. வரவில்லை என்பதற்காக அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், கட்டணத்தை வசூலிக்க டி.சி.யை ஒரு கருவியாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

புதுப் பள்ளிக்கூடத்தில் பத்து நாளில் வயிற்று வலி போய்விட்டது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இட்லி நாலு சாப்பிட்டுவிட்டு ஓடினாள்.

அடுத்தது சின்னவன். அவன் 2013 கடைசியில் பிறந்தான். இந்தத் தடவை புத்தியோடு செய்வோம் என்று விசாரித்தேன். தனியார் பள்ளிகளில் சேர்க்கைத் தொடக்க வகுப்பில் நாலில் ஒரு பங்கு இடத்தை ஏழை, எளிய, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும், எட்டாம் வகுப்பு வரை அவர்களுக்குக் கல்விக் கட்டணம் கிடையாது, அதை அரசாங்கம் பள்ளிக்குக் கொடுத்துவிடும் என்று தெரிந்து கொண்டேன். வீட்டிலிருந்து ஒரு கிலோ மீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். வருமானத்தின் பேரில் கேட்பவர்களுக்கு வருஷ வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2017-ல்தான் தமிழ்நாட்டில் இதற்கு இணைய வழியில் விண்ணப்பிக்கும் முறை வந்தது. அந்த வருஷமே போட்டேன்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கும் போனேன். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தாலுகா ஆபீசில் மனு கொடுப்பது போல, குறையைக் காகிதத்தில் எழுதி முருகனிடம் பிராது கட்டுவோம். குறை தீர்ந்ததும் மறக்காமல் போய்ப் பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். நானும், "சுவாமி, வீட்டுக்கும் பள்ளிக்கும் முக்கால் கிலோ மீட்டர்தான்" என்பது வரைக்கும் எழுதிக் கட்டினேன்!

பத்து இடம். முப்பதுக்கு மேல் விண்ணப்பம். குலுக்கல் நடந்தது. ஒரு சின்னப் பெண் ஒவ்வொரு சீட்டாக எடுத்தாள். பத்தாவது சீட்டிலும் என் பையன் பெயர் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொளஞ்சியப்பர் மேல்கூடக் கோபம். "இனிமே பணம் கட்டித்தான் சேர்க்கணும். என்னங்க, மிச்சம் இருக்கிற சங்கிலிய வச்சிடலாம்" என்றேன்.

அவர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "பச்சை மண்ணுல ஈரம் இருக்கறப்பவே சூளையில வச்சா வெடிச்சுப் போவும். நெழல்ல கெடந்து காயணும். மூணு வயசுப் புள்ளைக்கு இப்ப என்னா அவசரம்? மொதப் புள்ளைக்கு நாம பட்டது பத்தலியா?" என்றார். கோயில் குளம், பள்ளிக்கூடம் எல்லாம் என் இலாகா என்று விட்டுவிட்டு இருந்த மனிதர் சொன்னது என்னை நிறுத்திவிட்டது.

சின்னவன் அங்கன்வாடிக்குப் போனான். 1975-ல் தொடங்கிய திட்டம் அது. அதை நாம் 'பால்வாடி' என்று கொஞ்சம் மட்டமாகப் பேசுகிறோம். அங்கே சத்துமாவும் முட்டையும் கிடைத்தன. மாதா மாதம் எடை பார்த்து அட்டையில் குறித்தார்கள். பாட்டும் கதையும் கேட்டு வந்தான். மற்றதை வீட்டில் செய்தேன். உருப்போட வைக்கவில்லை. தானே சாப்பிட, சட்டைப் பொத்தான் போட, ஒன்றுக்கு, இரண்டுக்கு வருகிறது என்று தயங்காமல் சொல்ல, அப்பா அம்மா பெயரும் தெருப் பெயரும் சொல்ல, கதை சொன்னால் முடிகிற வரை உட்கார்ந்து கேட்கப் பழக்கினேன். வெங்காயம் உரிக்கும்போது எண்ணச் சொன்னேன். மாமியார் முறத்தில் அரிசியைப் பரப்பி 'அ' எழுத வைத்தார். ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு இதற்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

2019 ஜூனில் அரசுத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பு. சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாள் போய், வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஒரு பிள்ளை விழுந்து முட்டியைத் தேய்த்துக் கொண்டது. டீச்சர் ஓடி வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தூக்கிக் குழாயடியில் கழுவிவிட்டார். நான் அங்கேயே தீர்மானித்துவிட்டேன். அந்தப் பள்ளியிலும் குறை இருந்தது. பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். நாங்கள் நாலு அம்மாக்கள் கூட்டத்தில் எழுந்து கேட்டோம். இரண்டு மாதத்தில் தாழ்ப்பாள் வந்தது. பணம் கட்டிய பள்ளிக்கூடத்தில் நான் வாயே திறந்ததில்லை!

2020 மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள். அந்த டீச்சர் முகக் கவசம் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்து, திண்ணையில் பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி உட்கார வைத்துப் பயிற்சித் தாள் கொடுத்துவிட்டுப் போவார். தமிழ்நாட்டில் சின்ன வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அது வரைக்கும் என் பையன் எழுத்தை மறக்காமல் இருந்தது அவரால்தான். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்தபோது அவன் ஐந்தாவது. காலையில் கிச்சடி சாப்பிட்டதை என் மாமியாரிடம் வந்து சொல்ல, இருவரும் அவரவர் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தார்கள்.

தனியார் பள்ளி எல்லாம் கெட்டது, அரசுப் பள்ளி எல்லாம் நல்லது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். என் நாத்தனார் மகள் தனியார் பள்ளியில் படித்து நன்றாக இருக்கிறாள். அவர்களால் கடைசி வரை கட்ட முடிந்தது, பிள்ளைக்கும் ஒத்துப்போனது. பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நான் சொல்வது. அரசு, தனியார் என்ற இரண்டுக்கும் நடுவே அரசு உதவி பெறும் பள்ளிகளும் இருக்கின்றன. அவற்றை நாம் மறந்தே போகிறோம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஆபீஸ் ரூமில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். கழிப்பறையைப் பாருங்கள். குடிதண்ணீரைப் பாருங்கள். மாடிப்படி எத்தனை, அவசரத்துக்கு வெளியே வர இரண்டு வழி உண்டா என்று பாருங்கள். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனார்களே, அதை எந்தத் தாய் மறப்பாள்? 2025 ஜனவரியில் நம் பக்கத்து விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை பள்ளி வளாகத்துக் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. தொட்டி மூடியைத் தட்டிப் பார்த்தால் யாரும் நம்மைத் திட்டப் போவதில்லை. திட்டினால்தான் என்ன?

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். 2012-ல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. 2025 ஜூலை 8-ஆம் தேதி எங்கள் மாவட்டத்துச் செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மேல் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். நாலு பக்கமும் தண்டவாளம் ஓடுகிற ஊர்க்காரி நான். அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் ஒழுங்காகச் சமைக்கவில்லை. வேனே கூடாது என்று சொல்லவில்லை. நடந்து போகிற தூரத்தில் நல்ல பள்ளி இருந்தால் அதற்கு ஒரு மதிப்பெண் கூடப் போடுங்கள். வேன்தான் என்றால் எந்த வழியாகப் போகிறது, எத்தனை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள், ஏற்றி இறக்க ஆள் உண்டா என்று ஒரு நாள் பார்த்துவிடுங்கள்.

ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. டீச்சர்கள் வருஷா வருஷம் மாறுகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுந்தரமூர்த்தி நாயனார் எங்கள் ஊரில் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்தாராம். அவருக்குச் சிவபெருமான் துணை. நமக்கு அப்படி நடக்குமா? எல்.கே.ஜி.யில் போட்டதைப் பன்னிரண்டாவதில் எடுக்கலாம் என்று நகையை அடகு வைக்காதீர்கள். குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அதோடு புத்தகம், சீருடை, வேன், விழா என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, அந்தத் தொகையைப் பத்தாவது வரை கட்ட முடியுமா என்று கணவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். முதல் வருஷம் கட்டிவிட்டு மூன்றாம் வருஷம் பிள்ளையை வெளியே நிற்க விடுவதைப் போலக் கொடுமை வேறு இல்லை.

காகிதங்களை முன்னாலேயே தயார் செய்யுங்கள். கடைசி நாளில் ஓடினால் இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிறப்பைப் பதிந்த ஒரு வருஷத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆகவே அதில் எழுத்துப் பிழைகூட இருக்கக் கூடாது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். 25 சதவீத இடத்துக்கு வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம் வாங்குவார்கள். 2025-ல் நிதித் தகராறில் அது அக்டோபருக்குப் போய்விட்டது. அதனால் செய்தியைக் கவனித்துக் கொண்டே இருங்கள்.

வயதிலும் அவசரம் வேண்டாம். எங்கள் பழமலைநாதர் கோயிலில் கோபுரம், குளம், கொடிமரம் என்று எல்லாமே ஐந்து ஐந்து. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றாம் வகுப்புக்கும் ஐந்து வயது நிறைந்தால் சரி. கேந்திரிய வித்யாலயாக்களில் 2022-23 முதல் ஆறு வயது கேட்கிறார்கள். எந்தப் பள்ளி என்று முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், இரண்டரை வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.

என் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்ததால், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் விழுந்தது. முதல் மாதப் பணத்தில் எனக்கு இரண்டு கண்ணாடி வளையல் டஜன் வாங்கி வந்தாள். "தங்கம் அப்புறம் வாங்கித் தர்றேம்மா" என்றாள். அப்படியே கையைப் பிடித்துப் போட்டுவிட்டுக் கொண்டிருந்தவள், திடீரென்று, "ஏம்மா, அன்னிக்கு எதுக்கும்மா அடிச்சே? நான் யானையத்தானே காட்டினேன்?" என்று கேட்டாள்.

மூன்றரை வயதில் நடந்தது. மறந்திருப்பாள் என்று நினைத்துக் கொண்டிருந்தேன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "தப்புதான்டி, கண்ணு" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அடுத்த வாரம் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், சின்னவனுக்காகக் கட்டிய அந்தப் பழைய பிராதை ராஜினாமா செய்துவிட்டு வந்தேன். கேட்ட இடம் கிடைக்கவில்லை. ஆனால் குறை தீர்ந்துவிட்டது அல்லவா?

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண், "அதெல்லாம் சரிக்கா, எந்தப் பள்ளிக்கூடம்னு நீங்க சொல்லவே இல்லியே?" என்றாள். "பிள்ளையைக் கூட்டிக்கிட்டு நாலுக்கும் ஒரு தடவை நடந்து போயிட்டு வா" என்றேன்.

ஐந்தாறு நாள் கழித்து வந்தாள். மூன்றில் வாட்ச்மேனைத் தாண்டி உள்ளே விடவில்லையாம். நாலாவது, அரசு உதவி பெறும் பள்ளி. உள்ளே வேப்பமரம். பிள்ளை மரத்தடியில் நின்று "அம்மா, அணிலு!" என்றதாம். அந்த வழியாகப் போன டீச்சர் நின்று, குனிந்து, "எங்கே? எத்தனை அணிலு இருக்குன்னு எண்ணுவோமா?" என்று கேட்டாராம்.

"எண்ணுச்சாடி?" என்றேன்.

"ஒண்ணு, ரெண்டு, அஞ்சுன்னுச்சுக்கா. அந்த டீச்சர் சிரிச்சாங்க" என்றாள்.

படிவத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.